கத்தி வைத்த உடம்பு நடக்கலாமா?

திருகோணமலையில் வாழ்வோர்க்கு விடியற்காலை என்றதும் டச்பே கடற்கரை நினைவுக்கு வரும். ஞாயிறு கடலினின்று எழுமுன்னரே முதியோரும் இளையோரும் அந்த மணலில் நடைபோடத் தொடங்கிவிடுவர். நீரிழிவு உடையவர் நடப்பார். இளைப்பாறிய உத்தியோகத்தர் நடப்பார். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி பாட்டியாரும் நடப்பார். நடை உடம்புக்கு நன்மை செய்யும் என்பதை எங்களூரில் எவரும் மறுப்பதில்லை. ஆயினும் இதே மக்கள், தம் வீட்டில் ஒருவர்க்கு வயிற்றிற் சத்திரசிகிச்சை நடந்துவிட்டால், “கத்தி வைத்த உடம்பு; அசையாமற் கிடக்கவேண்டும்” என்று கட்டிலைச் சுற்றி வேலியாக நின்றுவிடுகின்றனர்.

மற்றவர்களைக் குறை சொல்வதற்காக இதனை நான் கூறவில்லை. அந்த வேலியில் நானும் ஒருவனாக நின்றவன். துறைமுகத்தில் நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறிய என் தமையனார்க்குப் பெருங்குடலிற் புற்றுநோய் கண்டது. ஒரு வைத்தியசாலையிற் குடலின் நோயுற்ற பகுதியை அகற்றினார்கள். மறுநாட் காலை ஒரு தாதி வந்து, “ஐயாவை எழுப்பி இருத்திச் சிறிது நடக்கவைக்க வேண்டும்” என்றார். நான் சினந்து எழுந்தேன். “பிள்ளை, நேற்றுத்தானே வயிற்றைத் திறந்து தைத்தார்கள்! இரக்கமில்லையா?” என்றேன். பாடசாலை அதிபரின் குரல் சற்றுப் பெரியது. தாதி பின்வாங்கினார். அண்ணா கண்ணை மூடிக்கொண்டார். வென்றுவிட்டதாக நான் எண்ணினேன்.

மூன்றாம் நாள் அவர்க்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சிற் சளி கட்டிச் சுவாசப்பையின் அடிப்பகுதியில் அழற்சி உண்டாகியிருந்தது. அவ்வழற்சி நடந்திருந்தாலும் வந்திருக்கலாம். ஆனால் அசையாது கிடந்தமை அதற்கு வழியைத் திறந்துவிட்டது என்று வைத்தியர் அமைதியாக எடுத்துரைத்தார். வரலாறு கற்பிக்கும் நான், அந்த ஓய்வு என்னும் நம்பிக்கையின் வரலாற்றை அன்றைக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். படித்ததையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சத்திரசிகிச்சைக்குப்பின் அசையாது கிடக்கவேண்டும் என்ற கொள்கை பாமரர் கற்பித்ததன்று. தம் காலத்துச் சிறந்த வைத்தியர்களே அதனைக் கொண்டிருந்தனர். 1846ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஈதர் என்னும் மயக்கமருந்தை நுகரச்செய்து வலியின்றிச் சத்திரசிகிச்சை செய்து காட்டினர். அதன்பின் சத்திர வைத்தியரின் கத்தி துணிவு பெற்றது. ஆனால் புண் சீழ்பிடித்தலும் தையல் பிரிதலும் நோயாளரை மாய்த்துக்கொண்டே இருந்தன. அக்காலத்தில், இலண்டன் மாநகரின் யோன் ஹில்ரன் என்னும் சத்திர வைத்தியர் 1860 முதல் 1862 வரை ஓய்வு பற்றித் தொடர் விரிவுரைகள் நிகழ்த்தி, 1863இல் அவற்றை நூலாக வெளியிட்டார். உடைந்த எலும்பும் வீங்கிய மூட்டும் அசையாதிருந்தால் ஆறும் என்பது அவர் கண்ட உண்மை. அவ்வுண்மை எலும்புக்கும் மூட்டுக்கும் பொருந்தியது. ஆனால் ஓர் உறுப்புக்குச் சொன்ன ஓய்வை முழு உடம்புக்கும் உரியதாக்கும் வழக்கம் வைத்திய உலகில் வேரூன்றியது. வயிற்றைத் திறந்தவர் இரண்டு மூன்று வாரம் மல்லாந்து கிடத்தல் நியதியாயிற்று.

1867ஆம் ஆண்டு இவ்வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. அந்த ஆண்டிலே யோசேப்பு லிஸ்ரர், காபோலிக் அமிலத்தாற் புண்ணைச் சீழினின்று காக்கும் முறையை உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டிலே நம் நாட்டில், சத்திர வைத்தியத்தை விளக்கும் ‘இரண வைத்தியம்’ என்னும் பெருநூல் தமிழில் வெளிவந்தது. அதனை ஆக்குவித்தவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், பின்னர் நம் இளைஞர்க்கு நம் மொழியிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கத் துணிந்தார். நோயாளியின் கட்டிலருகே நிற்கும் தாயும் மனைவியும் விளங்கிக்கொள்ளும் மொழியில் வைத்தியன் பேசவேண்டும் என்ற எண்ணம் அத்துணிவில் அடங்கியிருந்தது. அவ்வெண்ணத்தின் தேவை இன்னும் தீர்ந்துவிடவில்லை. அன்று அந்தத் தாதி இரண்டு நிமிடம் எனக்கு விளக்கியிருந்தால், அல்லது நான் இரண்டு நிமிடம் வாய்மூடிக் கேட்டிருந்தால், என் தமையனார் காய்ச்சலைத் தவிர்த்திருக்கலாம்.

புண் சீழ்பிடியாது காக்கக் கற்றபின், சத்திர வைத்தியர் உணவுப்பாதையின் புற்றுநோயை எதிர்கொள்ளத் துணிந்தனர். 1881ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் வியன்னா நகரிலே தியோடோர் பில்றொத் என்பவர், 43 வயதுப் பெண்ணொருவரின் இரைப்பையிற் புற்றுநோய் கொண்ட பகுதியை வெட்டியகற்றி, எஞ்சிய இரைப்பையைச் சிறுகுடலோடு பொருத்தித் தைத்தார். அப்பெண் சிகிச்சையிற் பிழைத்தெழுந்தார். நோய் மீண்டும் தலைகாட்டியதால் ஏறத்தாழ நான்கு மாதங்களின்பின் இறந்தார். ஆயினும் உணவுக்குழாய், இரைப்பை, கணையம், பெருங்குடல், நேர்குடல் என்னும் உறுப்புகளின் புற்றுநோயைக் கத்தியால் எதிர்க்கலாம் என்ற கதவு அன்று திறந்தது. கதவு திறந்தும், சிகிச்சை வெற்றி பெற்ற நோயாளர் பலர் பின்னர்ச் சுவாசப்பை அழற்சியாலும், திடீரென நெஞ்சடைத்தும் இறந்தனர். புண் ஆறிக்கொண்டிருந்தது, ஆள் போய்விட்டார். இதன் காரணத்தைப் பலர் நோயின் கொடுமை என்றே கொண்டனர். கட்டிலின்மேல் ஐயம் கொண்டவர் மிகச் சிலரே.

அச்சிலருள் ஒருவர் சிக்காகோ நகரத்து எமில் றீஸ். வயிற்றைத் திறந்து சிகிச்சை செய்த பெண்களை நாட்கணக்கிற் கிடத்திவைக்காது விரைவில் எழுப்பிவிட்டதையும், அவர்கள் நலமாயிருந்ததையும் அவர் 1899இல் எழுதி வெளியிட்டார். வைத்திய உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழிந்தன. பின்னர் டிற்றோயிற் நகரத்து டானியல் லைத்தவுசர் அதே வழியை முறையாகப் பின்பற்றி, 1941இற் கட்டுரையாகவும் 1946இல் நூலாகவும் வெளியிட்டார். நன்றாகத் தைக்கப்பட்ட வயிறு நடையாற் பிரிவதில்லை என்பதே அவர் காட்டிய உண்மைகளுள் முதன்மையானது.

இதற்கிடையே இரண்டாம் உலகப்போர் வந்தது. போர் என்றதும் எங்களூர் முதியோர் 1942 ஏப்பிரில் 9ஆம் நாளைச் சொல்வார்கள். அன்று யப்பானிய வானூர்திகள் திருகோணமலைத் துறைமுகத்தின்மேற் குண்டுமாரி பொழிந்தன. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ‘ஹேர்மீஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. ‘வீற்றா’ என்னும் வைத்தியக் கப்பல், நீரில் தத்தளித்த நூற்றுக்கணக்கானோரை மீட்டெடுத்தது. உலகின் பற்பல துறைகளிலும் போர்முனைகளிலும் இவ்வாறே காயமுற்றோர் குவிந்தனர். கட்டில்கள் போதவில்லை, தாதியர் போதவில்லை. எழக்கூடியவரை விரைவில் எழுப்பியே ஆகவேண்டிய நெருக்கடி வைத்தியர்க்கு உண்டாயிற்று. எழுப்பியபோது கேடு விளையவில்லை. எழுந்தோர் பலர் விரைவில் தேறினர். அமைதிக்காலத்து வைத்தியர் கேளாத செய்தியைப் போர் வற்புறுத்திக் கேட்கவைத்தது.

போர் முடிந்தபின், 1947 திசம்பரில், இலண்டனைச் சேர்ந்த றிச்சட் ஆஷர் என்ற வைத்தியர் பிரித்தானிய வைத்திய இதழில் ஒரு கட்டுரை வரைந்தார். படுக்கைக்குப் போவதிலுள்ள ஆபத்துகள் என்பதே அதன் பொருள். நெடுநாட் படுக்கை சுவாசப்பை, குருதிக்குழாய், தசை, எலும்பு, குடல், மனம் ஆகிய ஒவ்வொன்றையும் எவ்வாறு கெடுக்கும் என்பதை அவர் நகைச்சுவை கலந்து எழுதினார். அக்கட்டுரையை இன்றும் வைத்திய மாணவர் படிக்கின்றனர்.

இனி, படுக்கை செய்யும் தீங்கு யாது என்பதைச் சுருங்கக் காண்போம்.

வயிற்றிற் புண்ணுள்ளவர் வலிக்கு அஞ்சி மேலோட்டமாகவே மூச்செடுப்பார், இருமமாட்டார். மல்லாந்து கிடக்கும்போது வயிற்றுறுப்புகள் மேல்நோக்கி உந்திச் சுவாசப்பையின் அடிப்பகுதியை நெருக்கும். அங்குள்ள சிறு காற்றறைகள் சுருங்கிவிடும், சளி தேங்கும், தேங்கிய சளியிற் கிருமி பெருகும். என் தமையனார்க்கு நேர்ந்தது இதுவே. எழுந்து நிற்கும்போதோ மூச்சு தானாகவே ஆழமாகிறது.

அடுத்தது குருதி. நாம் நடக்கும்போது கெண்டைக்காற் தசைகள் சுருங்கி, காலிலுள்ள குருதியை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகின்றன. தசை அசையாவிட்டாற் குருதி நாளங்களில் தேங்கும். குருதி தேங்குதல், குழாய்ச்சுவர் ஊறுபடுதல், குருதி உறையும் தன்மை மிகுதல் என்னும் மூன்றும் உறைவுக்குக் காரணங்களாக இன்று கொள்ளப்படுகின்றன. இவ்விளக்கத்துக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜேர்மானிய அறிஞர் றுடோல்வ் பிர்க்கோ அடிகோலினார். புற்றுநோய் தானே குருதியின் உறையுந் தன்மையை மிகுவிப்பது. அதன்மேற் சத்திரசிகிச்சையும் படுக்கையும் சேர்ந்தால் ஆபத்துப் பன்மடங்காகும். காலில் உண்டான உறைவு கழன்று சுவாசப்பைக்குச் சென்றால், அரும்பாடுபட்டுக் காத்த உயிர் கணத்திற் போகலாம். இதனைத் தடுக்க வைத்தியர் ஊசிமருந்தும் தருவர். நடை அம்மருந்துக்குத் துணை.

மூன்றாவது வலிமை. 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில், 20 வயதுடைய நலமிக்க இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையில் இருக்கச்செய்து சோதித்தனர். அவர்களின் உடல் உழைக்கும் திறன் பெரிதும் குன்றியது. 30 ஆண்டுகளின்பின் அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, 30 ஆண்டு மூப்பு விளைத்த தளர்ச்சியிலும் அந்த மூன்று வாரப் படுக்கை விளைத்த தளர்ச்சியே மிகுதி எனத் தெரிந்தது. நோயற்ற இளைஞர்க்கே இவ்வாறாயின், பசியிழந்து மெலிந்த புற்றுநோயாளர்க்கு என்னாகும்? அவர்களிற் பலர்க்குச் சத்திரசிகிச்சைக்குப்பின் சில வாரங்களில் மருந்துச் சிகிச்சை தொடங்கவேண்டியிருக்கும். அதனைத் தாங்கும் வலிமையைக் கட்டிலிற் கரைத்துவிடலாகாது.

நடந்தாற் குடல் உடனே இயங்கத் தொடங்கும் என்றும் பலர் சொல்வர். இதற்குள்ள சான்று அவ்வளவு உறுதியானதன்று. நடையின் நன்மையை மிகைப்படுத்திச் சொன்னால், வாயு பிரியத் தாமதமாகும்போது நோயாளி மனம் சோர்ந்துவிடுவார். உள்ள நன்மையே போதுமானது.

1990ஆம் ஆண்டுகளில், டென்மார்க் நாட்டுக் கொப்பன்ஹேகன் நகரத்துச் சத்திர வைத்தியர் ஹென்றிக் கேலற் இந்த வரலாற்றிற் புதியதொரு பக்கத்தைத் திறந்தார். “நோயாளி ஏன் எழவில்லை?” என்று அவர் ஆராய்ந்தார். வலி தணியவில்லை, ஆகவே எழவில்லை. மூக்கிலும் வயிற்றிலும் குழாய்கள் தொங்கின, ஆகவே எழவில்லை. பட்டினி கிடந்தார், ஆகவே எழவில்லை. நாளத்தின் வழியே மிகையான நீர் ஏற்றி உடம்பை வீங்கவைத்தனர், ஆகவே எழவில்லை. இத்தடைகள் அனைத்தையும் ஒருங்கே நீக்கினால் நடை தானே வரும் என்று அவர் கண்டார். முதுகின்வழி வலிநீக்கி கொடுத்தும், சிறு துளைகள்வழிச் சிகிச்சை செய்தும், விரைவில் உணவூட்டியும், முதியோர் சிலரைப் பெருங்குடற் சிகிச்சையின்பின் இரண்டே நாளில் வீடனுப்ப முடிந்ததை அவர் குழுவினர் 1995இல் வெளியிட்டனர். 2001இல் ஐரோப்பியச் சத்திர வைத்தியர் சிலர் கூடி இம்முறையை ஆராயும் குழுவை அமைத்தனர். சிகிச்சை நாளில் இரண்டு மணி நேரமும் அடுத்த நாள் முதல் ஆறு மணி நேரமும் நோயாளர் கட்டிலுக்கு வெளியே இருத்தல் நன்று என்பது அக்குழு வகுத்த இலக்கு. அது நடைக்கு மட்டும் உரிய கணக்கன்று. கதிரையில் அமர்ந்திருப்பதும் அதில் அடங்கும். எல்லார்க்கும் அவ்விலக்கு இயலாது. எவர் எப்போது எவ்வளவு நடக்கலாம் என்பதை அவரவர் சத்திர வைத்தியரே முடிவுசெய்வார்.

இந்த வரலாற்றை நோக்கும்போது ஒன்று புலப்படுகிறது. ஓய்வு என்னும் பழைய கொள்கையை வைத்தியர் கைவிட்டுவிட்டனர்; அது இப்போது எஞ்சியிருக்கும் இடம் உறவினராகிய நம் நெஞ்சு. நம் அன்பே அதற்குப் புகலிடம் கொடுத்திருக்கிறது. மேல்நாட்டு வைத்தியசாலைகளில் நோயாளியை எழுப்பத் தாதியும் உடற்பயிற்சி வைத்தியரும் வருவர். நம் நாட்டில் அவர்கள் பலரை ஒருசேரக் கவனிக்கவேண்டியவர்கள். ஆகவே கட்டிலருகே நாள் முழுதும் இருக்கும் மனைவியோ மகனோ தம்பியோ எதனைச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே நோயாளி எழுவதும் எழாததும் அமைகிறது.

என் தமையனார்க்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் தணிந்தது. அதே தாதி வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, “ஐயா, இன்றைக்கு நீங்கள்தான் எனக்கு உதவியாள்” என்றார். அன்று அவரிடம் நான் கற்ற பாடம் இது. வலிநீக்கி கொடுத்துச் சிறிது நேரம் சென்றபின் எழுப்பவேண்டும். நேரே தூக்கி நிமிர்த்தலாகாது. நோயாளி ஒரு பக்கமாகத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழவேண்டும். தலைசுற்றல் தீரும்வரை கட்டில் விளிம்பில் அமர்ந்திருக்கவேண்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமவேண்டும். குழாய்களும் பைகளும் இழுபடாமல் ஒருவர் ஏந்திவரவேண்டும். துணையின்றி எழ விடலாகாது. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கம் என்பன தோன்றினால் நடையை நிறுத்தி உடனே சொல்லவேண்டும்.

அண்ணா அன்று நடந்தது மூன்று அடி. கட்டிலிலிருந்து கதிரைக்கு. வியர்த்துக் கொட்டியது. “தம்பி, இதற்கா இவ்வளவு பாடு?” என்றார். மாலையில் வாயில்வரை சென்றார். மறுநாள் விறாந்தையின் நுனிவரை சென்றார். முப்பது ஆண்டுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த எனக்கு, அந்த முன்னேற்றம் பழகிய ஒன்றாகவே பட்டது. முதல் நாளிலேயே எந்தப் பிள்ளையும் பாட்டுப் படிப்பதில்லை. முதல் எழுத்தை எழுத மறுக்கும் பிள்ளைக்காக ஆசிரியர் எழுத்தையே விட்டுவிடுவதுமில்லை.

நடையையும் புற்றுநோயையும் இணைக்கும் மற்றொரு செய்தியும் நம் நாட்டில் உண்டு. 2011 சூலை மாதத்திற் சிலர் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து புறப்பட்டு, 27 நாள்கள் நடந்து வடக்கே பருத்தித்துறையை அடைந்தனர். ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரம். வழிநெடுகச் சிங்களவரும் தமிழரும் முசிலிம்களும் அவர்களோடு சேர்ந்து நடந்தனர். வடக்கிற் புற்றுநோயாளர்க்கு வைத்தியசாலை ஒன்று வேண்டும் என்பதற்காக அவர்கள் நிதி திரட்டினர். அந்நிதியைக் கொண்டு தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து, 2013இல் திறக்கப்பட்டது. நெடுந்தூரம் தென்னிலங்கை சென்று அல்லற்பட்ட வடபகுதி நோயாளர்க்கு அந்த நடை ஒரு கூரையைத் தந்தது. நலமுள்ளோர் 670 கிலோமீற்றர் நடந்து கட்டிய இடத்தில், நோயுற்றோர் நடக்கவேண்டியது முதலில் மூன்று அடி. அம்மூன்று அடிக்குத் துணைநிற்பது உறவினராகிய நம் பங்கு.

மூன்று மாதங்களின்பின் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணா என்னை அழைத்தார். இருவரும் பிரெட்றிக் கோட்டை வாயிலைக் கடந்து, மான்கள் மேயும் அந்த ஏற்றப் பாதையில் மெல்ல நடந்தோம். இடையில் இருமுறை நின்று இளைப்பாறினார். கோணேசர் சந்நிதியை அடைந்ததும் கடலை நோக்கி நெடுநேரம் நின்றார். அவருக்கு மருந்துச் சிகிச்சை இன்னும் முடியவில்லை; நோய் மீளாது என்று எவரும் உறுதி கூறவுமில்லை. ஆனால் அந்த ஏற்றத்தைத் தம் காலாலேயே ஏறி வந்திருந்தார். “அன்றைக்கு அந்தப் பிள்ளையை நீ ஏசியிருக்கக்கூடாது” என்றார். “ஓம் அண்ணா” என்றேன்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் நாளை இத்தகைய சிகிச்சைக்கு உட்படக்கூடும். மறுநாள் காலை தாதி வந்து, “எழுப்புங்கள்” என்று சொன்னால், தயைகூர்ந்து என் போலக் குரலை உயர்த்தாதீர்கள். உங்கள் தோளைக் கொடுங்கள்.